தீர்மானிக்கும் டோக்கனைத் தள்ளி வைத்துச் சோதிப்பது

ஒரு பார்சர் (நிரலின் எழுத்தைப் படித்து இலக்கணப்படி மரமாக்கும் கருவி) `(அ, ஆ, இ` வரை படித்துவிட்டது. இது லாம்டாவின் (பெயரில்லா ஃபங்ஷனின்) பாராமீட்டர் பட்டியலா, மூன்று மதிப்பு கொண்ட டியூப்பிளா? மூடும் அடைப்புக்குறிக்கு அப்பால் `=>` இருக்கிறதா என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பட்டியலில் எத்தனை பெயர் வரலாம் என்பதற்கு மொழி வரம்பு வைக்கவில்லை என்றால், பார்சர் எத்தனை டோக்கன் (பெயர், எண், குறி போன்ற துண்டு) முன்னால் பார்க்க வேண்டும் என்பதற்கும் வரம்பில்லை. சி ஷார்ப் மொழிக்குப் பார்சர் எழுதுகிறவர் இந்த இடத்தைத் தாண்டாமல் போக முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதே சிக்கல்தான்; அங்கே டியூப்பிளுக்குப் பதில் காற்புள்ளி ஆபரேட்டர்.

இப்படி ஓர் இலக்கணத்தை ஆன்ட்லர், ஜாவாசிசி, பைசன் மாதிரியான ஜெனரேட்டரிடம் கொடுத்து வாங்கிய பார்சரை எப்படிச் சோதிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. வழக்கமான டெஸ்ட் தொகுப்பு தொடரமைப்பின் வகைகளை எல்லாம் தொட்டுவிடும், முன்னால் பார்க்கும் தூரத்தைத் தொடாது. ஒரு பாராமீட்டர், இரண்டு பாராமீட்டர் வைத்த உதாரணங்களோடு நின்றுவிடும். பிழையோ மூன்றாவதில் காத்திருக்கும்.

பேசுவதற்கு ஒரு சின்ன இலக்கணம் வைத்துக்கொள்வோம். விதிப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன் (‘கோவை’ என்றால் எக்ஸ்பிரஷன்; `|` என்றால் அல்லது, `*` என்றால் எத்தனை முறையும், `?` என்றால் இல்லாமலும் இருக்கலாம்):

```
நிரல்    : கோவை முடிவு ;
கோவை   : லாம்டா | முதன்மை ;
லாம்டா   : '(' ( பெயர் (',' பெயர்)* )? ')' '=>' கோவை ;
முதன்மை : '(' கோவை (',' கோவை)* ')' | பெயர் | எண் ;
```

‘கோவை’ விதியில் இரண்டு கிளை. எந்தக் கிளை என்று முடிவாவது எத்தனையாவது டோக்கனில்? ந பெயர்கள் இருந்தால் திறக்கும் அடைப்பு 1, பெயர்கள் ந, காற்புள்ளிகள் ந - 1, மூடும் அடைப்பு 1. ஆக 2ந + 1. அதற்கு அடுத்தது, அதாவது 2ந + 2ஆவது டோக்கன்தான் பதில் சொல்லும். ஒரு பெயருக்கு 4, இரண்டுக்கு 6, பத்துக்கு 22, ஆயிரத்துக்கு 2,002. பெயரே இல்லாத `()` மட்டும் விதிவிலக்கு. வெற்று டியூப்பிள் நம் இலக்கணத்தில் இல்லாததால் இரண்டாவது டோக்கனிலேயே லாம்டா என்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கையில் எழுதிப் பார்க்காமல் டெஸ்ட் எழுத உட்காராதீர்கள். பார்சர் செய்ய வேண்டியது என்ன என்பதை எண்ணாகச் சொல்வது இது ஒன்றுதான், பின்னால் அளப்பதற்கும் இதுவே அளவுகோல்.

டெஸ்ட்டின் அடிப்படை அலகு ஒரு ஜோடி. முன்பகுதி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க, கடைசியில் மட்டும் பிரியும் இரண்டு உள்ளீடுகள்: `(அ,ஆ,இ)=>அ`, `(அ,ஆ,இ)`. ந-வுக்கு 1, 2, 3, 10, 100, 1000 என்று கொடுத்து ஒரு லூப்பில் இரண்டையும் உருவாக்குங்கள். இரண்டில் ஒன்றைப் போட்டால் போதாதா என்று தோன்றும். ஏன் போதாது என்பதற்கு ஜாவாசிசி நல்ல உதாரணம். அங்கே தேர்வுப் புள்ளியில் (எந்தக் கிளை என்று முடிவெடுக்கும் இடத்தில்) லுக்அஹெட், அதாவது முன்னால் பார்க்கும் டோக்கன் எண்ணிக்கை, 4 என்று எழுதி, லாம்டாவை முதல் கிளையாக வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். `(அ,ஆ,இ)=>அ` சரியாகவே பார்ஸ் ஆகும். ஏனென்றால் முதல் 4 டோக்கன் லாம்டாவுக்குப் பொருந்துகிறது, பார்சர் அந்தக் கிளையில் நுழைகிறது, அது சரியாகவும் போய்விடுகிறது. அடி வாங்குவது `(அ,ஆ,இ)`. அதன் முதல் 4 டோக்கனும் லாம்டாவுக்குப் பொருந்துவதால் அதே கிளையில் நுழைந்து, கடைசியில் `=>` எங்கே என்று கேட்டு நிற்கும். லாம்டாவைச் சேர்த்தவர் லாம்டாவுக்கு மட்டும் நூறு டெஸ்ட் எழுதினாலும் இது பிடிபடாது. லாம்டா சேர்க்கும்முன் ஒழுங்காக ஓடிய டியூப்பிள்தான் உடைந்திருக்கிறது.

‘சின்டாக்ஸ் பிழை வரவில்லை’ என்பதை மட்டும் வைத்து டெஸ்ட் பாஸ் என்று சொல்லாதீர்கள். எந்தக் கிளை எடுக்கப்பட்டது என்பதை மரத்திலிருந்து எடுத்துச் சரிபாருங்கள். எதிர்பார்க்கும் விடையைக் கையால் எழுதவும் தேவையில்லை. இந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு நடுவரைப் பத்து வரியில் எழுதிவிடலாம்: டோக்கன் பட்டியலில் திறக்கும் அடைப்பைப் பார்த்தால் ஆழத்தை 1 கூட்டு, மூடும் அடைப்பைப் பார்த்தால் 1 கழி, ஆழம் சுழிக்கு வந்ததும் அடுத்த டோக்கன் `=>`-ஆ என்று பார். சரியான உள்ளீடுகளுக்கு இது தவறாது. மூல எழுத்தில் இதைச் செய்யாமல் எழுத்தை டோக்கன்களாக வெட்டும் லெக்ஸர் தந்த டோக்கன்களில் செய்யுங்கள். இல்லாவிட்டால் மேற்கோளுக்குள்ளும் கமென்ட்டுக்குள்ளும் இருக்கும் அடைப்புக்குறிகள் கணக்கைக் கெடுக்கும். இந்த நடுவர் கிடைத்துவிட்டால் சீரற்ற முறையில் மரங்களை உருவாக்கி, அச்சிட்டு, திரும்பப் பார்ஸ் செய்து ஒப்பிடுவது எளிது. சீரற்ற எண்களைத் தொடங்கி வைத்த சீட் எண்ணைப் பதிவு செய்து வையுங்கள், தோற்ற உள்ளீட்டைச் சுருக்கி நிரந்தர டெஸ்ட்டாகச் சேருங்கள்.

இங்கே ஓர் எளிய தவறு பல நாளை விழுங்கும். மேலே ‘நிரல்’ விதியின் இறுதியில் ‘முடிவு’ என்ற கோப்பு இறுதி டோக்கனை வைத்திருப்பது அழகுக்காக அல்ல. டெஸ்ட்டில் நேராகக் ‘கோவை’ விதியை அழைத்தால் ஆன்ட்லர் பொருந்தும் முன்பகுதியைப் படித்துவிட்டு, மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் வெற்றி என்று திரும்பிவிடும். `(அ,ஆ) = > அ` என்று இடைவெளி விழுந்த தவறான உள்ளீட்டுக்கு `(அ,ஆ)` என்ற டியூப்பிள் மட்டும் கிடைக்கும், பார்சரிடமிருந்து பிழை எதுவும் வராது. தோற்க வேண்டிய டெஸ்ட்கள் எல்லாம் பச்சையாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்து அளவு. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் தூரம் வரம்பற்றதாக இருக்கும்போது சரியான விடை தரும் பார்சரும் பயனற்றதாகிவிடக்கூடும்.

பாராமீட்டருக்கு இயல்பு மதிப்பு கொடுக்கலாம் என்றும், கோவைக்குள் ஒப்படைப்பு (`அ=1` போல்) வரலாம் என்றும் இலக்கணத்தை நீட்டுங்கள். இப்போது `(அ=(அ=(அ=1)))` என்ற உள்ளீட்டில் ஒவ்வொரு மட்டத்திலும் அதே கேள்வி எழுகிறது. முதல் இலக்கணத்தில் முன்னால் பார்க்க ஒரு வட்டமிடும் டிஎஃப்ஏ (நிலைக்கு நிலை நகர்வது மட்டும் தெரிந்த எளிய இயந்திரம்) போதும். இங்கே அடைப்புகளை ஜோடி சேர்க்க ஸ்டாக் வேண்டும். நிலையான பகுப்பாய்வில் டிஎஃப்ஏ கட்டிய ஆன்ட்லர் 3 இந்த மாதிரி இடத்தில் பின்வாங்கித் திரும்ப முயலும் முறைக்குப் போகும். ஆன்ட்லர் 4 அந்தப் பகுப்பாய்வை ஓடும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டது.

நினைவில் வைக்காமல் பின்வாங்கும் பார்சர் இந்த உள்ளீட்டில் என்ன செய்யும்? லாம்டா என்று முயன்று உள்ளே இருப்பதை முழுதாகப் படிக்கும். வெளியே வந்து `=>` இல்லை என்றதும் எல்லாவற்றையும் உதறிவிட்டு, அடைப்புக் கோவை என்று உள்ளே இருப்பதை மறுபடி முழுதாகப் படிக்கும். ஒரு மட்டத்துக்கு இரண்டு முறை, ஆக ஆழம் 10-க்கு 1,024, ஆழம் 25-க்கு 3,35,54,432. ஆழம் 3 வைத்த டெஸ்ட்டில் இது 8 தான், யார் கண்ணிலும் படாது. ஆழத்தை 10, 15, 20 என்று ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் வேலை சுமார் 32 மடங்கானால் அடுக்குக்குறி வளர்ச்சி என்று உறுதி. பெக் பார்சர்களில் (கிளைகளை எழுதிய வரிசையில் முயலும் வகை) பேக்ராட் என்ற முறையில் விடைகளை நினைவில் வைப்பது இதைத் தடுக்கத்தான். அந்த நினைவகத்தை எந்தெந்த விதிக்கு வைப்பது என்று நாமே குறிக்க வேண்டிய ஜெனரேட்டரில், ஒரு விதிக்கு விட்டுப்போனதை இந்த டெஸ்ட் ஒன்றே காட்டிவிடும்.

ஆன்ட்லர் 4 அடுக்குக்குறியாக முன்னால் பார்ப்பதில்லை, ஆனால் இலவசமாகவும் தருவதில்லை. மட்டத்துக்கு 4 டோக்கன் என்பதால் வெளி மட்டம் தன் மூடும் அடைப்பைத் தாண்டிப் பார்க்கச் சுமார் 4 பெருக்கல் ஆழம் அளவு டோக்கன் போகும். அடுத்த மட்டம் அதில் 4 குறைவு, அதற்கடுத்தது இன்னும் 4 குறைவு. மொத்தம் ஆழத்தின் வர்க்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆழம் 100-க்கு 20,000 டோக்கன் பார்வை, உள்ளீடு வெறும் 401 டோக்கன்.

நேரத்தை அளந்து டெஸ்ட் எழுதாதீர்கள். மெஷினுக்கு மெஷின் மாறும், டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் காரணமில்லாமல் சிவக்கும். டோக்கன் பார்வைகளை எண்ணுங்கள். டோக்கன் ஸ்ட்ரீமை ஒரு சப்கிளாஸால் சுற்றி, ‘அடுத்த டோக்கன் என்ன’ என்று கேட்கும் மெத்தடில் ஒரு கவுன்ட்டர் வைத்தால் போதும். ஆனால் ஒரு நுணுக்கம். எத்தனையாவது டோக்கன் கேட்கப்பட்டது என்ற எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் ஆன்ட்லர் 4 எப்போதும் 1 தான் கேட்பதாகத் தெரியும். கணிப்பு (எந்தக் கிளை என்ற தேர்வு) நடக்கும்போது அது ஸ்ட்ரீமை நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு இடத்திலும் அடுத்ததை மட்டும் கேட்டு, முடிவு கிடைத்ததும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். ஆகவே ஸ்ட்ரீமின் அப்போதைய நிலையையும் கேட்ட எண்ணையும் கூட்டி, தொட்ட உச்ச இடத்தைக் குறியுங்கள்.

ஆன்ட்லரிலேயே இதற்குக் கருவி உண்டு. பார்சரில் ப்ரொஃபைல் வசதியை இயக்கிவிட்டு ஓட்டினால், தேர்வுப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை அழைக்கப்பட்டது, அதிகபட்சம் எவ்வளவு தூரம் பார்த்தது, எத்தனை முறை எஸ்எல்எல் (எந்த விதி அழைத்தது என்ற சூழலை முழுதாகப் பார்க்காத வேகமான கணிப்பு) போதாமல், அந்தச் சூழலையும் பார்க்கும் முழு எல்எல் முறைக்கு மாறியது என்ற விவரம் கிடைக்கும். ந = 1000 என்ற ஜோடிக்கு ‘கோவை’ தேர்வுப் புள்ளியின் அதிகபட்சத் தூரம் 2,002 என்று வர வேண்டும். கூடுதலாக வந்தால் பதறும் முன் இடைவெளிகளைப் பாருங்கள். இடைவெளி டோக்கனைத் தூக்கி எறியாமல், பார்சர் பார்க்காத மறைவுச் சேனலுக்கு அனுப்பும் லெக்ஸராக இருந்தால் அவையும் அந்தத் தூரத்தில் சேரும். டெஸ்ட் உள்ளீட்டை இடைவெளி இல்லாமல் உருவாக்கினால் இந்தக் குழப்பம் இல்லை.

அதைவிட முக்கியம், மற்றத் தேர்வுப் புள்ளிகளின் தூரம். 2,002 வர வேண்டியது ஓர் இடத்தில். அதற்கு மேலே ‘வாக்கியம்’ விதியிலும் ‘அறிவிப்பு அல்லது கோவை’ என்று ஒரு தேர்வு, அறிவிப்பும் அடைப்புக்குறியில் தொடங்கலாம் என்றால், அங்கேயும் 2,002 தெரியும். ஒரே பாதையை இரண்டு தடவை நடக்கிறீர்கள் என்று அர்த்தம். இதற்கு ஒரு வரம்பு டெஸ்ட் எழுதுங்கள்: பெயர் சொல்லி அனுமதித்த தேர்வுப் புள்ளிகள் தவிர வேறெதுவும் உதாரணத்துக்கு 8 டோக்கனுக்கு மேல் பார்க்கக் கூடாது. யாரோ ஒரு புது விதியைச் சேர்த்து லுக்அஹெட்டை எதிர்பாராத இடத்தில் நீட்டிவிட்டால் அன்றே தெரிந்துவிடும். என் கருத்தில் இந்தப் பதிவில் உள்ள டெஸ்ட்களில் மிகவும் உழைக்கப்போவது இதுதான்.

அளக்கும்போது டெஸ்ட்களின் வரிசை குறுக்கே வரும். ஆன்ட்லர் 4 தான் கண்டுபிடித்த டிஎஃப்ஏவை அதே பார்சர் கிளாஸின் எல்லா ஆப்ஜெக்ட்களுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. முதல் டெஸ்ட் சூடாக்கியதில் இரண்டாவது டெஸ்ட் குளிர் காயும். கணிப்பின் உள்வேலையை எண்ணும் டெஸ்ட் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அந்த டிஎஃப்ஏவைத் துடைத்துவிடுங்கள், அதற்கென்றே மெத்தட் இருக்கிறது. முழு எல்எல் முறையில் கிடைத்த விடைகள் இப்படிச் சேமிக்கப்படுவதில்லை. அதனால் அடிக்கடி ஓடும் தேர்வுப் புள்ளியில் எல்எல் மாற்றம் தெரிந்தால் அந்தச் செலவு ஒவ்வொரு முறையும் திரும்ப வரும்.

இரண்டு கட்டமாகப் பார்ஸ் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் எஸ்எல்எல், பிழையில் உடனே நிற்கும் உத்தியோடு. நின்றுபோனால் மறுபடி எல்எல். எஸ்எல்எல் ஒன்று எல்எல் தரும் அதே மரத்தைத் தரும், அல்லது பிழை சொல்லும் என்பது உறுதி. சறுக்குவது இரண்டாம் கட்டத்துக்குத் தயார் செய்வதில். ஸ்ட்ரீமைத் தொடக்கத்துக்குத் திருப்ப வேண்டும், பிழை உத்தியை இயல்புக்கு மாற்ற வேண்டும், கழற்றிய லிசனரை (பிழைச் செய்தியை வாங்கும் ஆப்ஜெக்டை) திரும்ப மாட்ட வேண்டும். பார்சர் கிளாஸில் நீங்கள் சொந்தமாகச் சேர்த்த மாறிகளை, குறிப்பாகச் சின்னப் பட்டியலை (சிம்பல் டேபிளை), வெறுமையாக்க வேண்டும். அதை ஆன்ட்லர் செய்யாது. டெஸ்ட்: உள்ளீடுகள் அனைத்தையும் இரண்டு கட்டத்திலும், புத்தம்புது பார்சரில் எல்எல் மட்டும் வைத்தும் ஓட்டி, மரங்களையும் பிழைச் செய்திகளையும் ஒப்பிடுங்கள். எஸ்எல்எல் தவறாகப் பிழை சொல்லும் உள்ளீடு ஒன்றாவது தொகுப்பில் இல்லையென்றால், சரியான உள்ளீட்டுக்கு இரண்டாம் கட்டம் வேலை செய்கிறதா என்பது சோதிக்கப்படவே இல்லை.

இரட்டைப் பொருள் தனி விஷயம். தூரம் எவ்வளவு பார்த்தாலும் இரண்டு கிளையும் பொருந்தினால் ஆன்ட்லர் வாய் திறக்காமல் முதலில் எழுதிய கிளையை எடுக்கும். டெஸ்ட்களில் மட்டும் டயக்னாஸ்டிக் லிசனரை மாட்டி, துல்லியமாக இரட்டைப் பொருளைக் கண்டறியும் கணிப்பு முறையை வைத்து, இரட்டைப் பொருள் அறிக்கை வந்தால் டெஸ்ட் தோற்கட்டும். மெதுவாக ஓடும், பரவாயில்லை. பைசனில் ஜிஎல்ஆர் (சந்தேகம் வந்தால் எல்லா வழியிலும் பிரிந்து ஓடும் முறை) பயன்படுத்துகிறவர்களுக்கு இதற்குச் சமமானது, முரண்பாடுகளின் (ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செயல் பொருந்தும் இடங்களின்) எண்ணிக்கையை இலக்கணக் கோப்பிலேயே அறிவித்து வைப்பது. எண் மாறினால் பில்ட் நிற்கும். பைசன் 3.7 முதல் முரண்பாட்டுக்கு எதிருதாரணத்தையே அச்சிடச் சொல்லலாம். அந்த எதிருதாரணத்தை அப்படியே எடுத்து டெஸ்ட்டாக வையுங்கள்.

இரட்டைப் பொருளுக்குச் சிறந்த ஜோடி சி ஷார்ப்பின் விவரக்குறிப்பில் உள்ளது. `எஃப்(ஜி<ஏ, பி>(7))` என்பதை ஜெனரிக் மெத்தடை (டைப்களையும் ஆர்கியுமென்ட்டாக வாங்கும் மெத்தடை) அழைத்த ஒரே ஆர்கியுமென்ட்டாகவும் படிக்கலாம், `ஜி<ஏ`, `பி>(7)` என்ற இரண்டு ஒப்பீடுகளாகவும் படிக்கலாம். மூடும் `>` குறிக்கு அடுத்த டோக்கன் எது என்பதை வைத்து மொழி இதைத் தீர்க்கிறது. `(` வந்தால் ஜெனரிக், `எஃப்(ஜி<ஏ, பி>7)` என்றால் இரண்டு ஒப்பீடுகள். இப்படிப்பட்ட விதிக்கு அந்த அடுத்த டோக்கன்களின் பட்டியல் முழுவதையும் அட்டவணையாக டெஸ்ட்டில் எழுதி, இல்லாத டோக்கன்களுக்கும் எதிர் வரிசை எழுத வேண்டும். டைப் ஆர்கியுமென்ட்களின் எண்ணிக்கையையும் ஏற்றிப் பாருங்கள். `>>` என்பதை லெக்ஸர் நகர்வு ஆபரேட்டராக ஒட்டித் தந்துவிடலாம் என்பதால் உள்ளடங்கிய ஜெனரிக் தனியாக வேண்டும். கோ மொழிக்காரர்கள் 2022-இல் வந்த 1.18 பதிப்பில் ஜெனரிக்ஸுக்குச் சதுர அடைப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் `அ, ஆ = வ < க, ச > (ட)` என்ற வரிதான். டைப் விவரம் தெரியாமல் அதைப் பிரிக்க முடியாது, எவ்வளவு முன்னால் பார்த்தாலும்.

தவறான உள்ளீடுகளுக்கு வருவோம். சரியான உள்ளீடு ஒன்றை எடுத்து, டோக்கன்களை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டுங்கள். `(அ,ஆ,இ)=>அ` என்பதில் 9 டோக்கன், ஆக 9 டெஸ்ட். பார்சர் முடிகிறதா, பிழை எந்த டோக்கனில் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். அதன் பிறகு `(அ,ஆ,5)=>அ` என்பதைக் கொடுங்கள். தவறு 5-இல். ஆனால் 5-ஐப் பார்த்ததும் லாம்டா கிளை செத்துவிடும், டியூப்பிள் கிளை மட்டும் மிஞ்சும், அது நிம்மதியாக முடிந்து, பிழை `=>` மீது விழும். ஆயிரம் பாராமீட்டர் இருந்தால் பயனர் தவறான இடத்தை வெறித்துக்கொண்டிருப்பார். ஜெனரேட்டரின் குற்றமில்லை இது, இலக்கணம் அப்படி. இதற்கு மருந்து, இரண்டுக்கும் பொதுவான தளர்ந்த வடிவத்தைப் படித்துவிட்டு, `=>` வந்தால் ஒவ்வோர் உறுப்பும் பெயர்தானா என்று பிறகு சரிபார்ப்பது. எக்மாஸ்கிரிப்ட் 2015 விவரக்குறிப்பு ஏரோ ஃபங்ஷனுக்கு இந்தக் கவர் கிராமர் வழியைத்தான் எடுத்தது. அப்படி மாற்றினால் 2,002 டோக்கன் லுக்அஹெட்டும் காணாமல் போகும். வேண்டாம் என்று முடிவு செய்தால், பிழை இடம் `=>` என்பதையே எதிர்பார்ப்பாக டெஸ்ட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டு கிளையும் சேர்ந்து செத்தால் ஆன்ட்லர் ‘பொருந்தும் கிளை இல்லை’ என்று சொல்லும்போது, கணிப்பு தொடங்கிய டோக்கனிலிருந்து சிக்கிய டோக்கன் வரைக்கும் உள்ள எழுத்து முழுவதையும் செய்தியில் ஒட்டித் தரும். 2,000 டோக்கன் முன்னால் பார்த்திருந்தால் 2,000 டோக்கனும் செய்தியில் இருக்கும். லாக் கோப்பில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செய்தியின் நீளத்துக்கு ஒரு டெஸ்ட், அதை வெட்டித் தரும் ஒரு லிசனர், இரண்டும் தேவை.

முன்னால் பார்க்கும்போது ஆக்‌ஷன் கோடு (விதிக்குள் நாம் செருகிய நிரல்) ஓடாது, ஓடினால் ப்ரெடிகேட் (கிளையை அனுமதிக்கும் நிபந்தனை) மட்டுமே ஓடும். ஆன்ட்லரிலும் ஜாவாசிசியிலும் இப்படித்தான். பைசன் ஜிஎல்ஆர் பிரிந்து ஓடும் வரை ஆக்‌ஷன்களைத் தள்ளி வைக்கும். ஆகவே டைப் பெயர்களைச் சின்னப் பட்டியலில் சேர்ப்பது ஆக்‌ஷனிலும், பட்டியலைப் பார்ப்பது ப்ரெடிகேட்டிலும் இருந்தால், அறிவிப்பும் பயன்பாடும் ஒரே லுக்அஹெட் பாதைக்குள் விழும் உள்ளீடு ஒன்றைச் செய்து பாருங்கள். லெக்ஸரின் நிலையைப் பார்சர் மாற்றுகிற அமைப்பிலும் அதே ஆபத்து: பார்சர் மாற்றச் சொல்லும் நேரத்தில் லெக்ஸர் 2,000 டோக்கனைப் பழைய நிலையிலேயே வெட்டி முடித்திருக்கும். தூரம் 1 வைத்த டெஸ்ட்டில் இது ஒருபோதும் தெரியாது. ஜாவாசிசியில் இன்னொன்று: ஒரு சின்டாக்டிக் லுக்அஹெட் (ஒரு தொடரமைப்பு பொருந்துகிறதா என்று முன்கூட்டிப் பார்ப்பது) ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள் இருக்கும் சின்டாக்டிக் லுக்அஹெட் மதிப்பிடப்படாது. முன்னால் பார்த்தபோது ஏற்றுக்கொண்டதும் உண்மையில் பார்ஸ் செய்யும்போது ஏற்றுக்கொள்வதும் வேறுபட இடமுண்டு. `(அ=(ஆ)=>ஆ)=>அ` போன்ற, இயல்பு மதிப்புக்குள்ளேயே லாம்டா வைத்த உள்ளீடு அங்கே கட்டாயம்.

கடைசியாக, ஃபங்ஷன் அழைப்புகளின் ஸ்டாக். உருவாக்கப்பட்ட பார்சர் விதிக்கு ஒரு ஃபங்ஷன் என்று ரிகர்சிவாக இறங்குவது. முன்னுரிமைக்கு 15 அடுக்கு விதி எழுதியிருந்தால் ஓர் அடைப்புக்குறிக்கு 15 ஃப்ரேம் போகும், 10,000 அடைப்பில் ஸ்டாக் நிரம்பிவிடும். சிபைத்தானின் (பைத்தான் மொழியின் முதன்மைச் செயலாக்கம்) டோக்கனைசர் அடைப்பு ஆழம் 200-ஐத் தாண்டவிடாமல் தெளிவான பிழை சொல்லி நிறுத்துகிறது. நீங்களும் ஓர் எண்ணை முடிவு செய்து, அந்த எண்ணில் பார்ஸ் ஆக வேண்டும், ஒன்று கூடினால் ஒழுங்கான பிழை வர வேண்டும் என்று இரண்டு டெஸ்ட் எழுதுங்கள். அவற்றை சர்வரில் ஓடும் த்ரெட்டின் அதே ஸ்டாக் அளவில் ஓட்டுங்கள். டெவலப்பர் மெஷினின் மெயின் த்ரெட்டில் தப்பிப்பது அங்கே தப்பிக்கும் என்று நம்ப முடியாது.